புல்லுக்குள் வாழும் பூஞ்சை: கடிவாளம் யார் கையில்?

வெண்படலம்:

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். எபிக்ளோயி ஃபெஸ்டுகே என்ற பூஞ்சையை எடுத்திருக்கிறேன். இது ரைகிராஸ் புல்லின் உடம்புக்குள்ளேயே, செல்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில் வாழ்கிறது. செல்லுக்குள் நுழைவதில்லை. புல் உணவு தருகிறது, பூஞ்சை பெராமின் போன்ற ஆல்கலாய்டுகளைச் செய்து பூச்சிகளிடமிருந்து புல்லைக் காக்கிறது. விதை வழியாக அடுத்த தலைமுறைப் புல்லுக்கும் கூடவே போய்விடுகிறது.

என்னைக் குழப்புவது நாக்ஸ்-ஏ என்ற புரதம். 2006இல் நியூசிலாந்தின் மாஸே பல்கலைக்கழகத்தில் பேரி ஸ்காட் குழுவினர் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். இதைச் செய்யும் ஒரே ஒரு மரபணு கெட்டுப்போன பூஞ்சை, தான் குடியிருக்கும் புல்லைக் குட்டையாக்கிக் கடைசியில் சாகவும் விட்டுவிடுகிறது. நாக்ஸ்-ஏ உண்டாக்குவதோ வினைமிகு ஆக்சிஜன். நோய்க்கிருமி வந்தால் செடி அதன் மீது வீசும் அதே வகைப் பொருள். தாக்குவதற்கான பொருள் எப்படி உறவைக் காக்கும்?

இரண்டாவது கேள்வி. பூஞ்சை தானே அடங்கி நடக்கிறதா, இல்லை செடிதான் அதை அடக்கி வைத்திருக்கிறதா? படித்தவரை இரண்டு பக்கமும் சொல்கிறார்கள்.

இழைநோக்கி:

வெண்படலம், நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். நானும் இதில்தான் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாக்ஸ்-ஏ சவ்வில் பதிந்திருக்கும் ஒரு நொதி. உள்பக்கம் இருக்கும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறிடம் எலக்ட்ரானை வாங்கி, வெளிப்பக்கம் இருக்கும் ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. அது சூப்பராக்சைடாகி, அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. ஆனால் நாக்ஸ்-ஏ தனியாக இருந்தால் சும்மாதான் கிடக்கும். அதை எழுப்ப இரண்டு பேர் வேண்டும்: நாக்ஸ்-ஆர், ராக்-ஏ.

ராக்-ஏ ஒரு ஸ்விட்ச். குவனோசினோடு மூன்று பாஸ்பேட் ஒட்டிய மூலக்கூறைப் பிடித்திருந்தால் விழித்திருக்கும். ஒரு பாஸ்பேட் கழன்று இரண்டானால் தூங்கிவிடும். நாக்ஸ்-ஆரின் முன்பகுதி, விழித்திருக்கும் ராக்-ஏவை மட்டும் பிடிக்கிறது. நாக்ஸ்-ஆரின் வால்பகுதியோ பெம்-ஏ, சிடிசி-24 என்ற இரண்டு புரதங்களைப் பிடிக்கிறது. இதில் அழகு என்னவென்றால், ராக்-ஏவின் பழைய சரக்கைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏற்றி அதை எழுப்புவது சிடிசி-24தான். எழுப்புகிறவர், எழுகிறவர், வேலை செய்கிற நொதி, மூவரையும் நாக்ஸ்-ஆர் ஒரே இடத்தில் கூட்டிவைக்கிறது. அந்த இடம், நூல் போல் வளரும் பூஞ்சை இழையின் நுனி.

ஆக உங்கள் முதல் கேள்விக்குப் பதில், எங்கே என்பதிலும் எவ்வளவு என்பதிலும் இருக்கிறது. செடி நோய்க்கிருமி மீது வீசுவது பெரிய அளவு. இங்கே நடப்பது நுனியில், மிகச் சிறிய அளவில். அந்த அளவில் பெராக்சைடு ஒரு செய்தி. ‘இங்கே கிளைக்காதே’ என்பதுதான் அந்தச் செய்தி என்பது என் வாசிப்பு. சீரியம் குளோரைடு போட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பெராக்சைடு இருக்கும் இடத்தில் கறுப்புப் படிவு தெரியும். இயல்பான பூஞ்சையில் இழையைச் சுற்றி அது தெரிகிறது, நாக்ஸ்-ஏ இல்லாத திரிபில் அரிதாகத்தான் தெரிகிறது. அதே குடும்பத்து மரபணுவான நாக்ஸ்-பியை எடுத்துவிட்டாலும் புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு ஆக்சிஜன் நொதி இருந்தால் போதும் என்ற கதை இல்லை இது.

குருதியணு:

ஒரு சின்னக் குறுக்கீடு. நான் மருத்துவப் பக்கம். நீங்கள் சொல்லும் இந்த அமைப்பு எங்கள் வெள்ளணுக்களில் அப்படியே இருக்கிறது. சவ்வில் ஒரு நொதி, அதை எழுப்ப பி-67 என்ற புரதம், கூடவே ராக். நாக்ஸ்-ஆரை இனங்கண்டதே அந்த பி-67இன் சாயலை வைத்துத்தானே. எங்கள் பக்கம் இந்தக் கூட்டில் ஒரு புரதம் கெட்டால் நாட்பட்ட கிரானுலோமா நோய் வருகிறது, குழந்தைக்குத் திரும்பத் திரும்பத் தொற்று வரும், கொல்ல வேண்டிய கிருமியைக் கொல்ல முடியாது. அதே இயந்திரம் உங்கள் பூஞ்சையில் கிளையை எண்ணிவைக்கிறது! இதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

வெண்படலம்:

நன்றி இழைநோக்கி அக்கா. ‘எங்கே’ என்பது இப்போதுதான் புரிகிறது. அப்படியென்றால் நாக்ஸ்-ஏவைப் பூஞ்சையின் பிரேக் என்று சொல்லலாமா? பிரேக் போனதும் நண்பன் எதிரியாகிறான். சரிதானே?

வேர்முடிச்சு:

சரியில்லை என்று நினைக்கிறேன். ‘பிரேக்’, ‘எதிரி’ இரண்டு சொல்லுமே உங்களைத் தவறான பாதையில் கூட்டிப்போகும்.

முதலில் இயல்பான பூஞ்சை புல்லுக்குள் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். பூஞ்சை என்றால் நுனியில்தான் நீளும் என்று எல்லாரும் படிக்கிறோம். ஆனால் இலை எப்படி வளர்கிறது? அடியில் செல்கள் பிரிந்து, பிறகு ஒவ்வொரு செல்லும் பல மடங்கு நீள்கிறது. பூஞ்சை இழையோ அந்தச் செல்களின் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவர் நீளும்போது இழை நுனியில் மட்டும் வளர்ந்தால் என்ன ஆகும்? நடுவில் இழுபட்டு அறுந்துபோகும். 2008இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் காட்டியது: இந்தப் பூஞ்சை இலையின் நீளும் பகுதியில் நடுவிலிருந்தே நீள்கிறது. இலை நீளும்வரை இழையும் நீளும். இலை நின்றால் இழையும் நிற்கும். நின்ற பிறகும் சாவதில்லை, உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

இதைப் பார்த்தவனுக்கு ‘பிரேக்’ என்ற சொல் வராது. தாளத்துக்கு ஆடுகிறவனிடம் பிரேக் இல்லை, காது இருக்கிறது. நாக்ஸ்-ஏ, நாக்ஸ்-ஆர், ராக்-ஏ இல்லாத திரிபுகள் இழந்தது அந்தக் காதைத்தான் என்பது என் கட்சி. இலை நின்ற பிறகும் வளர்கிறது, கண்ட இடத்தில் கிளைக்கிறது. அதைப் பகை என்று சொல்வதற்கு முன்னால் நூறு தடவை யோசிக்க வேண்டும். செல்லைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் உறுப்பு எதையும் அது புதிதாக உண்டாக்குவதில்லையே.

இழைநோக்கி:

வேர்முடிச்சு அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ‘பிரேக்’ என்ற சொல்லை விட்டுவிடலாம். ஆனால் பகையே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சாக்-ஏவைப் பாருங்கள். இது அழுத்தம் வந்தால் விழிக்கும் கைனேஸ், அதாவது மற்றப் புரதங்களில் பாஸ்பேட் ஒட்டிச் செய்தி கடத்தும் நொதி. ஈஸ்டில் ஹாக்-1, நம் உடம்பில் பி-38, ஒரே குடும்பம். 2010இல் இதை நீக்கிய பூஞ்சையைப் புல்லில் வைத்து, இரண்டு பக்கத்து ஆர்என்ஏவையும் வாசித்தார்கள். பூஞ்சையின் பக்கம் பெரிய பொருள்களைச் சிதைக்கும் நொதிகளும், சிதைந்ததை உள்ளே இழுக்கும் கடத்திகளும் ஏறியிருந்தன. புல்லின் பக்கம் தற்காப்பு மரபணுக்கள் மாறியிருந்தன. வெறும் தாளம் தப்பியது மட்டும் என்றால் இந்தச் சாப்பாட்டு ஏற்பாடு எதற்கு?

வேர்முடிச்சு:

சாப்பாட்டு ஏற்பாடு காரணமா விளைவா? கிளை கிளையாக வளர்ந்து எண்ணிக்கை பெருகினால் பசி தானாக வரும். பசித்தவன் பாத்திரத்தைத் துழாவுவான். செடிக்கு வர வேண்டிய சர்க்கரை வழியிலேயே காலியாகிறது, புல் குட்டையாகிறது. இந்த வரிசையில் வைத்தால் தாளம்தான் முதலில் தப்பியது.

இழைநோக்கி:

அந்த வரிசைதான் சரி என்று சொல்ல, நாள் கணக்கில் பார்த்த அளவீடு வேண்டும் அண்ணா. திசுவில் கடைசி நிலையை மட்டும் எடுத்து வாசித்தால் எது முன், எது பின் என்று பிரிக்க முடியாது. இதை வெண்படலம் தன் ஆய்வில் எடுத்துக்கொண்டால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

பசுந்தாள்:

இவ்வளவு பேசியும் ஒரு விஷயம் வரவில்லையே. இழைகளின் இணைவு!

இந்தப் பூஞ்சையில் உறவைக் கெடுக்கும் திரிபுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நாக்ஸ்-ஏ. செல்சுவரைக் கவனிக்கும் கைனேஸான எம்பிகே-ஏ. ப்ரோ-ஏ என்ற மரபணு ஒழுங்குப் புரதம். மாப்-சி, சிம்-பி என்ற இரண்டு புரதங்கள். அப்புறம் எஸ்ஓ என்ற இன்னொரு புரதம். இதில் ஒவ்வொன்றும் இல்லாதபோது பூஞ்சையின் இழைகள் தமக்குள் ஒன்றோடொன்று இணைவதில்லை. புல்லும் குட்டையாகிறது. இத்தனை முறை தற்செயலாக நடக்குமா?

இணைவு எப்படி நடக்கிறது என்பதை நியூரோஸ்போரா என்ற ஆய்வகப் பூஞ்சையில் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். முளைத்த இரண்டு வித்துகள் ஒன்றையொன்று தேடி வளர்கின்றன. ஒன்றின் நுனியில் மேக்-2 கைனேஸ் கூடியிருக்கும்போது மற்றதன் நுனியில் எஸ்ஓ கூடியிருக்கிறது. சில நிமிடங்களில் இரண்டும் இடம் மாறுகின்றன. திரும்பவும் மாறுகின்றன. ஒருவர் பேச ஒருவர் கேட்க, பிறகு கேட்டவர் பேசுவது போல. 2009இல் ஒளிரும் புரதம் ஒட்டி இதைப் படம் பிடித்தார்கள். இரண்டு பேரும் மரபணு அளவில் ஒரே ஆள் என்பதால், ஒரே நேரத்தில் பேசினால் தன் குரலையே தான் கேட்டு ஏமாறும் ஆபத்து இருக்கிறது. மாற்றி மாற்றிப் பேசினால் அந்த ஆபத்து இல்லை.

புல்லுக்குள் இருக்கும் பூஞ்சையும் இப்படி இணைந்து ஒரே வலையாக இருந்தால்தான், இலையின் ஒரு மூலையில் நடப்பது வலை முழுதும் தெரியும். வேர்முடிச்சு சொல்லும் தாளம் கேட்பதற்கு ஒரே உடம்பு வேண்டாமா?

இழைநோக்கி:

பசுந்தாள், எனக்கும் இந்த வாதம் பிடிக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. எம்பிகே-ஏ போன்ற ஒன்றை முழுவதுமாக எடுத்துவிட்டால் பத்து வேலை ஒன்றாக நின்றுபோகிறது. செல்சுவர், வித்து உண்டாவது, இணைவு, எல்லாம். அதில் எது நின்றதால் புல் குட்டையாயிற்று என்று எப்படிச் சொல்வீர்கள்?

இதனால்தான் 2006இன் இன்னொரு சோதனையை நான் திரும்பத் திரும்ப மாணவர்களிடம் சொல்கிறேன். நாக்ஸ்-ஆரை முழுதாக நீக்கிய பூஞ்சைக்கு இயல்பான நாக்ஸ்-ஆரைத் திருப்பிக் கொடுத்தார்கள், உறவு சரியாயிற்று. அப்புறம் 101ஆம் இடத்தில் இருக்கும் ஆர்ஜினினை மட்டும் குளூட்டமிக் அமிலமாக மாற்றிய நாக்ஸ்-ஆரைக் கொடுத்தார்கள். அந்த ஒரு அமினோ அமிலம் மாறினால் ராக்-ஏவைப் பிடிக்க முடியாது. உறவும் சரியாகவில்லை. புரதம் அங்கேயே இருக்கிறது, ஒரே ஒரு கைகுலுக்கல் மட்டும் இல்லை. இப்படிச் சோதித்தால்தான் காரணத்தைக் கையால் தொட முடியும். இணைவுக்கும் இதே மாதிரி ஒன்றைச் செய்துகாட்டினால் நான் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

பசுந்தாள்:

நியாயம். எஸ்ஓ, மேக்-2 இடையே அப்படி ஒற்றைப் புள்ளியை மாற்றிப் புல்லில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்றுக்கொள்கிறேன்.

தூள்வித்து:

நான் வேர்ப்பூஞ்சைக்காரன், ஆர்பஸ்குலர் வகை. வெண்படலத்தின் இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் வந்தேன்.

உங்கள் புல் பூஞ்சையில் கடிவாளம் பூஞ்சையின் கையிலும் இருக்கிறது என்று தெரிகிறது. எங்கள் பக்கம் நிலைமை வேறு. எங்கள் பூஞ்சையான ரைசோஃபேகஸ் இர்ரெகுலாரிஸின் ஜீனோமில் கொழுப்பமிலத்தை ஆரம்பத்திலிருந்து செய்யும் பெரிய நொதியே கிடையாது. செடிதான் கொழுப்பு தருகிறது என்று 2017இல் உறுதியாயிற்று. அதாவது சமையலறைச் சாவி செடியிடம். செடிக்குப் பாஸ்பேட் தாராளமாகக் கிடைத்தால் பூஞ்சையை உள்ளே விடுவதையே குறைத்துக்கொள்ளும். மரக்கிளை போல் விரிந்து பரிமாற்றம் நடத்தும் ஆர்பஸ்கியூல், ஒரு செல்லுக்குள் சில நாள்தான் இருக்கும், பிறகு அதைக் கலைப்பதும் செடியின் ஒழுங்குப் புரதம்தான்.

பூஞ்சை சும்மா இல்லை. வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோன் பட்டால் இழை கிளைக்கத் தொடங்குகிறது, இது 2005இல் ஜிகாஸ்போரா என்ற வேர்ப்பூஞ்சையில் காட்டப்பட்டது. அடுத்த வருடமே, ஒரு மணி நேரத்துக்குள் மைட்டோகாண்ட்ரியா மாறுகிறது என்றும் பார்த்தார்கள். உங்களிடம் ‘கிளைக்காதே’ என்று செய்தி, எங்களிடம் ‘கிளைத்து வளர்’ என்று செய்தி!

ஆனால் உள்ளே இருக்கும் ஸ்விட்சுகளைப் பற்றி உங்களைப் போல் துணிந்து பேச எங்களால் முடியாது. ஒரு வித்துக்குள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் உட்கருக்கள். ஒரு மரபணுவை நிலையாக நீக்கிய பூஞ்சையை எங்களால் வளர்க்க முடிவதில்லை. செடியில் சிறு ஆர்என்ஏவை உண்டாக்கி, அது பூஞ்சைக்குள் போய் மரபணுவை அடக்கட்டும் என்று சுற்றுவழியில் போகிறோம். சர்க்கரை கடத்தியான எம்எஸ்டி-2வை 2011இல் அப்படித்தான் அடக்கினார்கள், ஆர்பஸ்கியூல்கள் சரியாக உருவாகவில்லை. நீங்கள் ஒரு வாரத்தில் யோசித்து எழுதும் சோதனை எங்களுக்குக் கனவு. அதனால்தான் உங்கள் உரையாடலைப் பொறாமையோடு படித்துக்கொண்டிருக்கிறேன்.

வேர்முடிச்சு:

தூள்வித்து, இந்த ஒப்பீடு நன்றாக இருக்கிறது. கூடவே லக்கேரியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாப்லர் வேரைப் போர்த்தும் அந்தக் காளான், 7 கிலோடால்டன் அளவில் ஒரு சின்னப் புரதத்தை வெளியே விடுகிறது. எம்ஐஎஸ்எஸ்பி-7 என்று பெயர். அது செடியின் செல்லுக்குள், உட்கருவுக்கே போகிறது. அங்கே ஜேஏஇசட்-6 என்ற செடியின் புரதத்தைச் சிதையாமல் காக்கிறது. ஜேஏஇசட்-6 இருக்கும்வரை ஜாஸ்மோனிக் அமிலம் என்ற செடி ஹார்மோனின் தற்காப்புக் குரல் எடுபடாது. இங்கே ஒழுங்குப் புரதம் செடியுடையது, அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பூஞ்சை. ஆக மூன்று உறவு, மூன்று விதமான பிடி. எல்லாக் கூட்டுவாழ்வுக்கும் ஒரே விடை தேடாதீர்கள் வெண்படலம்.

வெண்படலம்:

எல்லாருக்கும் நன்றி. இப்போது என் கையில் உள்ள பிரச்சினை. நாக்ஸ்-ஏ நீக்கிய பூஞ்சையை நானே நாற்றுகளில் ஏற்றினேன். முளைத்த நாற்றின் அடியில் ஊசியால் ஒரு சிறு கீறல், அதில் பூஞ்சைத் துளி. பன்னிரண்டு செடி பிழைத்தன. நான்குதான் குட்டை. மற்ற எட்டும் பார்க்க இயல்பாகவே வளர்ந்திருக்கின்றன. வழிகாட்டியிடம் காட்டவே பயமாக இருக்கிறது. படித்ததெல்லாம் ஒரு பக்கம், என் செடி ஒரு பக்கம்.

இழைநோக்கி:

பயப்படாதீர்கள், இது எல்லாருக்கும் நடக்கிறது. செடியின் உயரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீறி ஏற்றினால் எல்லா நாற்றிலும் பிடிக்காது. நன்றாக வளர்ந்த செடி, பூஞ்சையே இல்லாத செடியாக இருக்கலாம்.

இலையின் உறைப்பகுதியை எடுங்கள், தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும் வெளிறிய அடிப்பகுதி. அதன் உள்பக்கத்து மேல்தோலை ஊசிமுனையால் மெதுவாக உரித்தால் கண்ணாடி போல் ஒரு சவ்வு வரும். அதைத் தகட்டில் வைத்து அனிலின் நீலம் ஒரு துளி. கொஞ்சம் சூடாக்கி, மேல்தகடு மூடிப் பாருங்கள். இயல்பான பூஞ்சை என்றால் செங்கல் வரிசை போல நீண்ட செல்களுக்கு நடுவே, அச்சுக்கு இணையாக, லேசான நெளிவோடு நீல இழை ஓடும். பெரும்பாலும் ஒரு சந்துக்கு ஒரே இழை. கிளை அரிது. உங்கள் திரிபு என்றால் ஒரே சந்தில் இரண்டு, மூன்று இழைகள், குறுக்கே கிளைகள். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

இழை தெரிகிற செடிகளிலிருந்து பூஞ்சையைத் திரும்ப வெளியே எடுத்து வளர்த்து, பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்து மரபணு இல்லைதான் என்று உறுதிசெய்யுங்கள். இன்னொரு கேள்வி: ஏற்றுவதற்கு முன்னால் ஒற்றை வித்திலிருந்து சுத்தம் செய்தீர்களா?

வேர்முடிச்சு:

கூடவே, தட்டில் வளரும் பூஞ்சையைப் பார்த்துச் செடிக்குள் நடப்பதை ஊகிக்காதீர்கள். லோலிட்ரெம் என்ற ஆல்கலாய்டைச் செய்யும் மரபணுக்கள் தட்டில் உறங்கிக் கிடக்கின்றன, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் பூட்டுப் போட்டிருக்கும். செடிக்குள் போனால்தான் பூட்டு திறக்கிறது. தட்டில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு பூஞ்சை, புல்லுக்குள் வேறு வேறு ஆளாக இருக்கும்.

வெண்படலம்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பன்னிரண்டு செடியையும் உரித்துப் பார்த்தேன்.

நன்றாக வளர்ந்த எட்டில் ஏழில் ஒரு இழைகூட இல்லை. அக்கா சொன்னதுதான், பூஞ்சை பிடிக்கவே இல்லை. எட்டாவதில் இழை இருந்தது. ஆனால் நேராக, சந்துக்கு ஒன்றாக, அழகாக ஓடியது. அதை வெளியே எடுத்து பிசிஆர் செய்ததில் நாக்ஸ்-ஏ மரபணு அப்படியே இருக்கிறது. நான் ஒற்றை வித்து எடுத்துச் சுத்தம் செய்தது ஒரே ஒரு சுற்றுதான். தட்டில் இயல்பான பூஞ்சையும் கலந்திருந்திருக்கிறது. இப்போது மூன்று சுற்று செய்துகொண்டிருக்கிறேன்.

குட்டையான நான்கையும் கடைசியாகத்தான் பார்த்தேன். முதல் தகட்டிலேயே ஒரு சந்தில் நான்கு இழை. அதில் ஒன்று வளைந்து, குறுக்குச் சுவரைச் சுற்றிப் பக்கத்துச் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. நீலம் மங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். வேர்முடிச்சு அண்ணா, இழைநோக்கி அக்கா, உங்கள் இருவரின் வரிசைச் சண்டைக்காகவே அடுத்த தொகுப்பில் நாற்று மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு உறையாக எடுக்கப் போகிறேன். ஒரே உறையில் பாதி இழைகளை எண்ண, மறுபாதி ஆர்என்ஏவுக்கு. வழிகாட்டியும் சரி என்று சொல்லிவிட்டார்.

இழைநோக்கி:

மூன்றாம் வாரம் வேண்டாம், அப்போது உறை மிகச் சிறியது, ஆர்என்ஏ போதாது. ஐந்தாம் வாரத்தில் தொடங்குங்கள். இழை எண்ணும்போது எந்தச் செடி எந்தப் பூஞ்சை என்று உங்களுக்கே தெரியாதபடி வேறு ஒருவரை எண் ஒட்டச் சொல்லுங்கள். முதல் உறையின் படம் வந்ததும் இங்கே போடுங்கள்.